சோம்பேறிக் காற்றும் மேற்கு வெயிலும்

(மைசூரு, ஹெப்பாளில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என் வீட்டு மேற்கு ஜன்னலுக்குக் கண்புரை விழுந்துவிட்டது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எட்டு வருடத்துக்கு முன் இங்கே ஹெப்பாளில் வீடு கட்டியபோது, என் மகன் ஆசைப்பட்டு மாடி அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டான். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆர்கான் வாயு அடைத்தது, வெயில் உள்ளே வராது, ஏ.சி. பில் பாதியாகும் என்று விற்றவர் சொன்னார். போன மார்கழியில் ஒரு நாள் காலை பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம். என் மனைவி உள்ளேயிருந்து துடைத்தாள். போகவில்லை. பால்கனிக்குப் போய் வெளிப்பக்கம் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. படலம் இருந்தது நடுவில். "ஃபிசிக்ஸ் வாத்தியார் வீட்டு ஜன்னல், ஃபிசிக்ஸாலயே கெட்டுப்போச்சு" என்றாள். விற்றவரைக் கூப்பிட்டால் அந்த எண் இப்போது வேறு யாருடையதோ.

இந்தப் பேச்சுக்கு என்ன தலைப்பு என்று அறக்கட்டளைச் செயலாளர் கேட்டபோது, எதிரே இருந்த அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஜன்னல்" என்றேன். அவர் இன்னும் நான்கு விநாடி காத்திருந்தார். நான் வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த ஜன்னலுக்குள் அடைத்திருந்த வாயுவுக்கும் இந்த மைசூர் மண்ணுக்கும் உள்ள உறவு மிகப் பெரிது. ஆனால் அந்த வாயு நம்மூர் ஜன்னலுக்குச் செய்யும் உபகாரம் மிகச் சிறிது. இந்த இரண்டையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் வாயு. நாம் இழுக்கும் மூச்சில் நூற்றில் 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்ஸிஜன் என்று பள்ளியில் ஒப்பித்திருப்போம். மீதி ஒரு பங்கை யாரும் கேட்பதில்லை. அதில் பெரும்பகுதி, அதாவது 0.93 சதவீதம், ஆர்கான். கரியமில வாயுவைப் பற்றி உலகமே பேசுகிறது. அதைப்போல இருபது மடங்குக்கு மேல் ஆர்கான் நம்மைச் சுற்றி இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பாறையிலிருந்து. கருங்கல்லில் பொட்டாசியம் உண்டு. அதில் மிகச் சிறு பகுதி கதிரியக்கம் உள்ளது. அது சிதையும்போது ஒரு பங்கு ஆர்கானாக மாறுகிறது. பாதி சிதையவே 125 கோடி ஆண்டு பிடிக்கும். சாமுண்டி மலையும் கருங்கல்தான். நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அது சொட்டுச் சொட்டாக ஆர்கான் காய்ச்சிக்கொண்டிருக்கிறது.

இத்தனை இருந்தும் 1894 வரை இது யார் கண்ணிலும் படவில்லை. கண்ணில் பட்டு நழுவிய கதை ஒன்று மட்டும் உண்டு. 1785இல் லண்டனில் கேவண்டிஷ் என்ற கூச்ச சுபாவக்காரர், காற்றுக்குள் மின்பொறியை விடாமல் பாய்ச்சி, நைட்ரஜனை எல்லாம் அமிலமாக்கிக் கரைத்துவிட்டார். கடைசியில் ஒரு சின்னக் குமிழி எஞ்சியது. என்ன செய்தும் அது கரையவில்லை. மொத்தத்தில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நூற்றாண்டுக்கும் மேல் அந்தக் குமிழி ஒரு வரியாகக் கிடந்தது.

அதைத் தோண்டி எடுத்தவர்கள் இருவர். ராலே பிரபு இயற்பியல்காரர், நிறுத்துப் பார்ப்பதில் பிடிவாதக்காரர். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிப்பொருளிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட அரை சதவீதம் கனமாக இருந்தது. நம்மில் பலர் அரை சதவீதத்தைக் 'கருவி கோளாறு' என்று எழுதி ரெக்கார்டு நோட்டை மூடியிருப்போம். நானே எத்தனை மாணவர்களுக்கு அப்படிக் கையெழுத்து போட்டிருக்கிறேன்! அவர் மூடவில்லை. 1892இல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி, வேதியியல்காரர்கள் யாராவது விளக்க முடியுமா என்று கேட்டார். வில்லியம் ராம்சே கைகொடுத்தார். 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த அறிவியல் கூட்டம் ஒன்றில் புது வாயுவை அறிவித்தார்கள். எதனோடும் சேராத இந்த வாயுவுக்கு 'ஆர்கான்' என்று பெயர் சொன்னவர் அந்த அமர்வின் தலைவர் மேடன். கிரேக்க மொழியில் சோம்பேறி என்று பொருள். அவைத் தலைவர்கள் இப்படியும் பயன்படுவது உண்டு. நம் தலைவர் மன்னிக்க வேண்டும். 1904இல் ராலேக்கு இயற்பியல் நோபல், ராம்சேக்கு வேதியியல் நோபல்.

ராம்சேக்கு ஓர் இளைஞர் உதவியாளராக இருந்தார். பெயர் மாரிஸ் டிராவர்ஸ். காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக விட்டு, கடைசியில் எஞ்சுவதை ஆராய்ந்தார்கள். 1898 மே 30 அன்று அந்த எச்சத்தை நிறமாலைக் குழாயில் போட்டுப் பார்த்தபோது, அதுவரை யாரும் பார்த்திராத மஞ்சள், பச்சைக் கோடுகள். அதுதான் கிரிப்டான், ஒளிந்திருந்தது என்று பொருள். அடுத்த சில வாரங்களில் நியான், பிறகு செனான். டிராவர்ஸுக்கு அப்போது வயது 26. 'அரிய வாயு டிராவர்ஸ்' என்றே பின்னாளில் அவரைக் கேலியாக அழைத்தார்கள்.

ராம்சே, டிராவர்ஸ் என்ற இந்த இரண்டு பெயரையும் நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜாம்ஷெட்ஜி டாடா இந்தியாவில் ஓர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்க நினைத்தார். எங்கே அமைக்கலாம் என்று பார்த்துச் சொல்ல 1900இல் ஒருவரை வரவழைத்தார்கள். வந்தவர் இதே ராம்சே. நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கை காட்டிய ஊர் பெங்களூரு. அன்றைக்கு அது மைசூர் சமஸ்தானம். திவான் யார்? பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர் சேஷாத்ரி ஐயர். நிலம் தர சமஸ்தானம் முன்வந்ததில் அவர் பங்கு பெரிது. கடைசியில் 371 ஏக்கர் மைசூர் மகாராஜா குடும்பத்தின் கொடையாகக் கிடைத்தது. கழகத்தின் முதல் இயக்குநராக 1906இல் கப்பலேறி வந்தவர் யார்? மாரிஸ் டிராவர்ஸ்! 1911இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதுதான் இன்றைய இந்திய அறிவியல் கழகம், ஊரார் வாயில் 'டாடா இன்ஸ்டிடியூட்'. இதில் ஒரு வேடிக்கை, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இன்னொரு ஹெப்பாள் இருக்கிறது.

டிராவர்ஸ் நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை. 1914இல் ஊர் திரும்பினார். உலகப் போர் மூண்டது. அவர் அடுத்துச் செய்த வேலை எனக்கு இன்னும் நம்ப முடியாததாக இருக்கிறது: கண்ணாடி உற்பத்தி. ட்யூரோகிளாஸ் என்ற கம்பெனியில் கண்ணாடி செய்வதை மேற்பார்த்தார். பிறகு கண்ணாடித் தொழில்நுட்பச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். கிரிப்டானைக் கண்டெடுத்த கை, பிறகு கண்ணாடியைப் பிடித்த கை. இரண்டையும் சேர்த்துக் கண்ணாடிகளுக்கு நடுவே கிரிப்டானை அடைக்கும் யோசனை அன்று யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தாலும் காசு கட்டியிருக்காது, அதைப் பிறகு கணக்கோடு சொல்கிறேன்.

ஜன்னலுக்கு முன்பே ஆர்கான் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குண்டு பல்பு. முதலில் பல்புக்குள் வெற்றிடம்தான் இருந்தது. டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியைக் கறுப்பாக்கியது. 1913 வாக்கில் லாங்மியூர் என்பவர் உள்ளே வாயு அடைத்தால் இழை நீடிக்கும் என்று காட்டினார். ஆனால் வாயு வெப்பத்தைக் கடத்தி இழையைக் குளிரவைத்துவிடும். அதனால் வெப்பத்தை மந்தமாகக் கடத்தும் ஆர்கான் பல்புக்குள் குடியேறியது. 1936இல் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மைசூர் லாம்ப்ஸ் தொடங்கியது. ஊர் ஊராக அந்தப் பெயர் பொறித்த பல்பு போனது இங்கே மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். என் அப்பா தேர்வுக்குப் படித்தது அப்படியொரு 40 வாட் மஞ்சள் வெளிச்சத்தில்தான்.

ஆர்கான் ஏன் வெப்பத்தை மெதுவாகக் கடத்துகிறது? வாயுவின் அணுக்கள் சூடான சுவரில் மோதி, அங்கே வாங்கிய ஆற்றலைக் கை மாற்றிக் கை மாற்றிக் குளிர்ந்த சுவரில் சேர்க்கின்றன. கோயில் திருப்பணியில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவது போல. கனமான ஆள் மெதுவாகத் திரும்புவார். 27 டிகிரியில் நைட்ரஜன் மூலக்கூறு விநாடிக்கு 500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடுகிறது. ஆர்கான் 430. கிரிப்டான் 300. செனான் 240. போதாததற்கு நைட்ரஜன் இரட்டை அணு, சுழலவும் செய்யும். ஒவ்வொரு நடைக்கும் கூடுதல் சுமை தூக்கும். ஆர்கான் ஒற்றை அணு, சுழற்சிச் சுமை கிடையாது. ஆக, காற்று கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஆர்கான் கடத்துகிறது. கிரிப்டான் மூன்றில் ஒரு பங்கு. செனான் அதிலும் குறைவு.

இனி ஜன்னல். இரண்டு கண்ணாடியை ஒட்டி நடுவே காற்றை அடைப்பதற்கு 1865லேயே நியூயார்க்கின் ஸ்டெட்சன் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஓரத்தை மரத்தாலும் கயிற்றாலும் கீல் போன்ற பசைகளாலும் அடைக்கலாம் என்பது அவர் எண்ணம். அது ஓர் எண்ணமாகவே இருந்தது, ஓரம் நிற்கவில்லை. 1930களில் குளிர்சாதனத் தொழிலில் இருந்த ஹேவன் என்ற அமெரிக்கர் உலோகத்தால் ஓரத்தை அடைக்கும் வழியைப் பிடித்தார். 'தெர்மோபேன்' என்ற பெயரில் பெரிய கம்பெனி ஒன்று அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒன்றரை நூற்றாண்டாக இந்த ஜன்னலின் முழுக் கதையும் ஓரத்தின் கதைதான். நடுவில் இருப்பதைப் பற்றி விளம்பரம் பேசும், விதியைத் தீர்மானிப்பது ஓரம்.

நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? அகலம் கூடக் கூட நல்லது என்று தோன்றும். இல்லை. இடைவெளி பெரிதானால் உள்ளே இருக்கும் வாயு சும்மா இருக்காது; சூடான கண்ணாடியை ஒட்டி மேலே ஏறி, குளிர்ந்த கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்கி, சக்கரமாகச் சுற்றத் தொடங்கும். வெப்பம் அந்தச் சக்கரத்தில் ஏறிப் பயணம் செய்யும். சுற்றல் எப்போது தொடங்கும் என்று சொல்ல ஓர் எண் இருக்கிறது. இடைவெளி இரட்டித்தால் அந்த எண் எட்டு மடங்காகும். அதன் பெயர் ராலே எண். ஆம், அதே ராலே பிரபு! அடியில் சூடேறும் திரவம் எப்போது புரளத் தொடங்கும் என்று 1916இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஆர்கானைக் கண்டவரும் அவர், அதற்கு எவ்வளவு இடம் தரலாம் என்ற கணக்குக்கு வழி போட்டவரும் அவர். காற்றுக்கும் ஆர்கானுக்கும் சுமார் 16 மில்லிமீட்டர், கிரிப்டானுக்குப் பத்தை ஒட்டி. கனமான வாயு சீக்கிரம் சுற்றத் தொடங்கும், அதனால் அதற்குக் குறுகிய அறை.

இப்போது கிரிப்டான் கணக்கு. ஒரு சதுர மீட்டர் ஜன்னலுக்கு ஆர்கான் 16 லிட்டர் வேண்டும். அதைப் பிரித்தெடுக்க இரண்டு ஸ்டீல் பீரோ கொள்ளும் காற்று போதும். அதோடு, இரும்பு ஆலைக்காக ஆக்ஸிஜன் பிரிக்கும்போது உடன்பிறப்பாக ஆர்கானும் கிடைக்கிறது, மலிவு. இதே ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை செய்யும் பட்டறைக்குப் போனால் 'ஆர்கான் வெல்டிங்' என்று போர்டு தொங்கும், மூலையில் சிலிண்டர் நிற்கும். கிரிப்டானோ காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். அதே ஜன்னலுக்குப் பத்து லிட்டர் கிரிப்டான் வேண்டுமானால், 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள கல்யாண மண்டபம் ஒன்பதின் காற்றைத் திரவமாக்கிப் பிரிக்க வேண்டும். ஒரே ஜன்னலுக்கு!

அடைக்கும் விதம் எளிமையானது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தில் அலுமினியச் சட்டம், ஸ்பேஸர் என்பார்கள். அதன் வயிற்றுக்குள் ஈரத்தை உறிஞ்சும் குருணை நிரப்பியிருக்கும். சட்டத்தின் இரு பக்கமும் ப்யூட்டைல் பசை, வெளியே அதற்கு மேல் பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கோன் பூச்சு. கீழே ஒரு துளையில் ஆர்கானை விடுவார்கள். அது காற்றைவிடக் கனம். தண்ணீர் போல அடியில் தேங்கி, காற்றை மேல் துளை வழியாக வெளியே தள்ளும். நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பினால் துளையை அடைத்துவிடுவார்கள். நல்ல ஓரம் என்றால் வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்குள்தான் கசியும். கெட்ட ஓரம் என்றால் என் வீட்டு ஜன்னலின் கதிதான்.

ஆனால் 1973 எண்ணெய் நெருக்கடி வரை ஆர்கானை யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. காரணம் கேளுங்கள். இரண்டு சாதாரணக் கண்ணாடிகளுக்கு நடுவே வெப்பம் போக இரண்டு சாலை உண்டு. ஒன்று வாயு வழி. மற்றொன்று கதிர்வீச்சு வழி. சூடான கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அலையாக எதிர்க் கண்ணாடிக்கு வெப்பத்தை வீசுகிறது. பத்தில் ஏழு பங்கு இந்த இரண்டாம் சாலையில்தான் போகிறது. சந்தை ரோட்டை முழுக்கத் திறந்துவிட்டு முட்டுச்சந்தில் போலீஸைப் போட்டால் என்ன பயன்? காற்றுக்குப் பதில் ஆர்கான் அடைத்தால் கண்ணாடியின் வெப்பக் கசிவு ஐந்தாறு சதவீதம்தான் குறையும்.

பெரிய சாலையை அடைத்தது வெள்ளி. நகை வெள்ளிதான், ஆனால் பத்துப் பதினைந்து நானோமீட்டர் தடிமனில். வெற்றிட அறைக்குள் கண்ணாடியின் மேல் அணு அணுவாகத் தூவுவார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் உள்ளே போகும், வெப்ப அலை மட்டும் திரும்பிவிடும். லோ-ஈ கண்ணாடி என்று கடையில் கேட்டால் தருவார்கள். சாதாரணக் கண்ணாடி வெப்பத்தை வீசும் திறன் 0.84. வெள்ளி பூசினால் 0.04. எண்ணெய் விலை ஏறிய பிறகு அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் பல கம்பெனிகளும் இதில் இறங்கின. 1980களில் சந்தைக்கு வந்தது. பெரிய சாலை அடைபட்டதும் சின்னச் சந்துக்கு மதிப்பு வந்தது. அப்போதுதான் ஆர்கானுக்கு நல்ல காலம் பிறந்தது. ஒரு சதுர மீட்டரில், இரு பக்கமும் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, ஒற்றைக் கண்ணாடி 5.8 வாட் வெப்பத்தை விடும். இரட்டைக் கண்ணாடி 2.8. வெள்ளி பூசிய இரட்டை 1.4. அதில் ஆர்கானும் அடைத்தால் 1.1. 1995இல் ஜெர்மனி கட்டட விதியை இறுக்கியதும் அங்கே இதுவே வழக்கமான ஜன்னலாகிவிட்டது.

இந்த ஜன்னல் நம் மேட்டு நிலத்துக்கு வரும்போது ஒரு சங்கடம் உண்டு. அதை விற்பவர்கள் சொல்வதில்லை. இந்தக் கண்ணாடி பெரும்பாலும் சமவெளியில் செய்யப்படுகிறது. 2000ஆம் ஆண்டு முதல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை ஓடுவது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் கண்ணாடியை இரட்டையாக்கும் பட்டறைகளும் நிறைய. கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் வாயுவை அடைத்து மூடுகிறார்கள். லாரி மேடேறி மைசூருவுக்கு வருகிறது. நம் ஊர் 760 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. உள்ளே அடைபட்ட வாயுவுக்கு அது தெரியாது. பழைய அழுத்தத்தில் தள்ளும். கண்ணாடி இரு பக்கமும் பூரி போல லேசாக உப்பும். சந்தேகம் இருந்தால் ரிங் ரோட்டில் உள்ள கண்ணாடிக் கட்டடங்களில் எதிர்க் கட்டடத்தின் பிம்பத்தைப் பாருங்கள், நேர்கோடு வளைந்து நெளியும். வளைவது போகட்டும், ஓரப் பசைதான் பாவம். அதற்கு மேல் தினமும் வெயில் வேறு. 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனால் வாயு பத்து சதவீதம் விரியப் பார்க்கும், இரவில் சுருங்கும். ஜன்னல் மூச்சு விடுகிறது. எட்டு வருடம் என்றால் ஏறத்தாழ மூவாயிரம் மூச்சு. ஒரு நாள் பசை விட்டுக்கொடுக்கிறது, ஆர்கான் வெளியே போகிறது, ஈரக் காற்று உள்ளே வருகிறது. குருணை குடிக்கும் அளவு குடித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. மார்கழிக் குளிரில் பனி பிடிக்கிறது. மெல்லிய குழாய் ஒன்றைச் சொருகி உயரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைச் சமன் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் அந்தக் குழாய் வழியாகவே ஆர்கானும் போய்விடும்!

சரி, கெடாத ஜன்னலே என்று வைத்துக்கொள்வோம். மைசூருவில் அது என்ன மிச்சப்படுத்தும்? ஏப்ரல் மாத மாலை 4 மணி. வெளியே 34 டிகிரி, ஏ.சி. அறையில் 24. வேறுபாடு பத்து. வெள்ளி பூசிய இரட்டைக் கண்ணாடியில் காற்று இருந்தால் சதுர மீட்டருக்கு 14 வாட் உள்ளே வரும். ஆர்கான் இருந்தால் 11. மிச்சம் 3 வாட். நைட் லேம்ப் ஒன்றின் செலவு. இதே நேரம் மேற்கு ஜன்னலில் நேராக விழும் வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் 500ஐ உள்ளே அனுமதிக்கும். வெயில் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி 170 அளவில் விடும். 330 வாட் ஒரு பக்கம், 3 வாட் ஒரு பக்கம். பெர்லினில் கதை வேறு. பனிக்காலத்தில் வெளியே பூஜ்யத்தை ஒட்டி, உள்ளே 20, இரவு பகல் மாதக்கணக்கில். வெயில் வந்தால் விருந்தாளி. அங்கே ஆர்கான் கூலிக்கு மேல் உழைக்கும். இங்கே அதன் பெயருக்கேற்ற வாழ்க்கைதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அரசு விதியைப் பாருங்கள். 2007இல் வந்த எரிசக்திச் சிக்கனக் கட்டட விதி நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலமாகப் பிரித்தது. வெப்ப மண்டலங்களில் ஜன்னலின் கசிவு 3.3க்கு மேல் போகக் கூடாது, அதாவது இரட்டைக் கண்ணாடி வேண்டும் என்றது. பெங்களூரு அடங்கிய மிதமான மண்டலத்துக்கோ 6.9 வரை அனுமதித்தது; ஒற்றைக் கண்ணாடியே தேறிவிடும்! ஆனால் வெயிலில் எத்தனை பங்கு உள்ளே புகலாம் என்பதை மட்டும் முழுக்கத் தளர்த்திவிடவில்லை, 0.40க்குள் என்று கட்டிப்போட்டது. 2018இல் வீடுகளுக்கு வந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' ஒரு படி மேலே போய், சன்ஷேடின் நிழலையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விதி எழுதியவர்களில் யாரோ ஒருவர் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவராக இருக்க வேண்டும்.

நம் பக்கத்து வீட்டுக்காரர் இன்ஃபோசிஸையும் சொல்ல வேண்டும். கோளக் கண்ணாடித் திரையரங்கமும் 2009இல் திறந்த பெருந்தூண் பயிற்சிக் கூடமும் பார்க்க வந்தவர்கள் படமெடுக்கும் இடம். எனக்குப் பிடித்தது அவர்கள் ஹைதராபாத் போச்சாரத்தில் செய்த காரியம். ஒரே கட்டடத்தை இரு பாதியாகப் பிரித்து, ஒன்றில் வழக்கமான ஏ.சி., மற்றொன்றில் தளத்துக்குள் குளிர்நீர்க் குழாய் ஓடும் முறை. இரண்டு வருடம் அளந்தார்கள். குளிர்நீர்ப் பாதி குளிரூட்டலுக்கு 34 சதவீதம் குறைவாக மின்சாரம் தின்றது. முடிவைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். அந்த முறை வேலை செய்ய முன்நிபந்தனை ஒன்று உண்டு: வெயில் உள்ளே வரக் கூடாது. அதனால் முதலில் கண்ணாடியைக் குறைத்தார்கள், சுவரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள். பிறகு நிழல். அதற்குப் பிறகுதான் நல்ல கண்ணாடி. நகரமெங்கும் தலைகீழாக நடக்கிறது. சுவரெல்லாம் கண்ணாடி வைத்துவிட்டு, அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக வாயு அடைக்கிறோம்.

மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடும் போதாது என்பதை என் செலவில் கற்றேன். இரண்டடி சன்ஷேட். ஏப்ரல் மாலை 4 மணிக்குச் சூரியன் 37 டிகிரி உயரத்தில் நிற்கிறது. நிழல் ஒன்றரை அடி விழும். நான்கடி ஜன்னலில் மீதி இரண்டரை அடி வெயில்தான். 5 மணிக்கு நிழல் முக்கால் அடிக்குச் சுருங்கிவிடும். உள்ளே திரை போடலாமே என்பீர்கள். கண்ணாடியைத் தாண்டிய வெயில் திரையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும். வெளியேதான் நிறுத்த வேண்டும்.

போன மாதம் கண்ணாடிக்காரப் பையன் வந்து அந்த ஜன்னலைக் கழற்றினான். கத்தியால் பசையை அறுத்து, ஸ்பேஸரை வளைத்து உடைத்ததும் குருணை தரையில் கொட்டி உருண்டது, ஜவ்வரிசி மாதிரி. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தேன், ஒட்டவே இல்லை. புதுக் குருணை என்றால் எச்சிலை இழுத்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும். "இதுக்குள்ள கேஸ் இருக்கும்னு சொன்னாங்களே, எங்க சார்?" என்றான் பையன். எப்போதோ போய்விட்டது தம்பி என்றேன்.

புதுக் கண்ணாடி வர நான்கு நாள் ஆகும் என்றான். அதுவரை ஓட்டையை மறைக்க, தேவராஜ மார்க்கெட் பக்கம் போய் ஒரு மூங்கில் தட்டி வாங்கிவந்து சன்ஷேடிலிருந்து வெளியே தொங்கவிட்டேன். முதல் நாள் மாலை 4 மணிக்கு என் மனைவி வழக்கம்போல ஏ.சி. ரிமோட்டைத் தேடிக்கொண்டு மாடிக்கு வந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். ரிமோட்டைத் தேடாமல் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினாள். ஐந்தாம் நாள் பையன் கண்ணாடியோடு வந்தபோது ஒற்றைக் கண்ணாடியே போதும் என்று சொல்லி அதைத்தான் போட்டோம். தட்டியைக் கழற்றவில்லை.